டோல்கேட் பாயும் நான் போட்ட ஓட்டையும்

சேசிஸ் மட்டும் பிழைத்துக் கிடந்த ஒரு லாரியை ஏலத்தில் எடுத்து, இன்ஜினை ஒரு ஊரிலும் கேபினை இன்னொரு ஊரிலும் பொறுக்கி, ஆம்பூர் ரோட்டில் ஓட வைத்தவன் நான். பாறை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் ஷெட் கட்டியவன் நான். பச்சைத் தோல் நாற்றத்துக்குப் பயந்து ஒருத்தரும் லோடு ஏற்றாத காலத்தில், மூக்கில் கற்பூரத்தை அடைத்துக்கொண்டு ஏற்றியவன் நான். ஒன்றை ஐந்தாக்கினேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. காகிதத்தில் என் பெயரை எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். லாரியில் அதை எழுத பெயிண்டருக்கு ஒரு நாள் ஆகும். எழுத்து அத்தனை பெரிசு. முனிரத்தினம் டிரான்ஸ்போர்ட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கதவுக்கு ஒன்று.

இப்படிப்பட்ட என்னை வாயை மூட வைத்த மனிதர் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில் ஒரே ஒருத்தர்தான். டோல்கேட் பாய். அவர் தொட்ட லாரியில் ஒயர் எரிந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் தொட்ட பிறகு நான் தொட்ட லாரியில்தான் எரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாய் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிற எலக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பைபாஸ் ஓரம் பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு தகர ஷெட். எப்போதும் வெள்ளை ஜிப்பா. பற்ற வைக்கிற ஈயம் சொட்டிச் சொட்டி அதில் நூறு ஓட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பூப்போட்ட துணி என்று நினைப்பீர்கள்.

யார் என்ன கேட்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. எதுக்கு? ஒரு டிரைவர் வந்து முன்னால் இன்னும் நாலு லைட் வேண்டும், ரோடு சரியாகத் தெரியவில்லை என்றார். பாய் எழுந்து போய், அந்த லாரியின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு கேட்டார்.

"இப்போ தெரியுதா? போ."

கடை நடத்துகிற லட்சணம் இது.

அவரிடம் மீட்டர் உண்டு. ஆனால் முதலில் மூக்கைத்தான் நம்புவார். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு முகர்ந்து பார்த்து, போன மாசம் எவனோ இங்கே ஜாயின்ட் போட்டு வெறும் டேப் சுற்றியிருக்கிறான் என்பார். லாரிக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். டேப்பைக் கண்டாலே பாய்க்கு ஆகாது. "வெயில்ல பசை உருகிட்டா அது டேப்பு இல்ல, ஒயருக்குக் கட்டின கோமணம். எங்க அவுரும்னு அதுக்கே தெரியாது" என்பார்.

டோல்கேட் பாய் என்று பெயர் வந்த கதைக்கு வருகிறேன். பாய்க்கு லாரி என்பது லாரி அல்ல, நம்ம ஜில்லா. பேட்டரி, ஜோலார்பேட்டை ஜங்ஷன். எல்லா லைனும் அங்கிருந்துதான் கிளம்பும். ஃபியூஸ், பள்ளிகொண்டா. அங்கேதான் டோல்கேட் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் கிளம்புகிற எந்த ஒயரும் ஒரு சாண் தூரத்துக்குள் பள்ளிகொண்டாவில் நின்று டோல் கட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கேயாவது ஷார்ட் ஆனால் அங்கேயே கேட் விழும். ஃபியூஸ் போகும், லாரி பிழைக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகரம், ஆந்திரா பார்டர். அதில் ஓட்டை போட்டு ஒயரை விட்டால் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். அது பர்மிட். பர்மிட் இல்லாத ஒயரைத் தகரத்தின் விளிம்பு அறுத்துவிடும். சைலன்ஸர், வேலூர் வெயில். கிட்டே போனால் ஒயருக்குச் சட்டை உரிந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு நான் ஒரு நாள் நியாயமான கேள்வி ஒன்று கேட்டேன். ஜோலார்பேட்டைக்கு ஒரு சாணில் பள்ளிகொண்டா என்றால், நடுவில் இருக்கிற வாணியம்பாடியும் ஆம்பூரும் எங்கே போச்சு?

"நடுவுல ஊரு இருந்தா, அங்க எல்லாம் டோல் கட்டாத ஒயரு திரியும் ஓனரே. டோல்கேட்டு ஊட்டு வாசல்லயே இருக்கணும்."

ஓனரே என்று சொன்னதைக் கவனித்தீர்களா? மனசுக்குப் பிடித்தவர்களை பாய் தோஸ்த் என்று கூப்பிடுவார். பஞ்சர் கடைக்காரர் தோஸ்த். டீக்கடைக்காரர் தோஸ்த். டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்கூட தோஸ்த். இருபத்தைந்து வருஷமாக நான் மட்டும் ஓனரே. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஓனரை ஓனர் என்றுதானே சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாய்க்கு ஒரு லாரிகூடக் கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பாய் ஷெட்டின் பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஆணிக்கு ஒரு கருகின ஒயர் தொங்கும். மற்றவர்கள் செய்த வேலையால் எரிந்து, பாயிடம் வந்து சேர்ந்த ஒயர்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை, அதில் உருது எழுத்து. பாய்க்கு உருது மட்டும்தான் எழுத வரும். கேட்டால் வாத்தியார் மாதிரி படித்துக் காட்டுவார். இது அவசரக்காரன். இது சிக்கனம் பிடித்தவன். இது மச்சினன் பேச்சைக் கேட்டவன். ஒருவர் பெயரும் இருக்காது. பெயர் போட்டால் சண்டைக்கு வருவான், தப்பைப் போட்டால் திருந்துவான் என்பது அவர் கணக்கு.

இனி என் கதை. ஐந்து லாரியில் நாலு போய், நான் முதலில் கட்டின அந்த ஒரு லாரிதான் இப்போது மிச்சம். வயசானது, ஆனால் என்னைவிடத் திடமானது. தோல் ஃபாக்டரி லோடிங் மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டார். இனிமேல் எல்லா லாரியிலும் ஜிபிஎஸ் பெட்டியும் பின்பக்கம் கேமராவும் வேண்டுமாம். லாரி எங்கே போகிறது என்பது அவர் போனில் ஒரு புள்ளியாகத் தெரியுமாம்.

"ஒரு லோடு பாக்கறோம் அண்ணே. நடுவுல புள்ளி அணைஞ்சிட்டா மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. பழைய வண்டிய எடுத்துடச் சொல்வாங்க" என்றார் மரியாதையாக.

அந்த ஃபாக்டரி லோடு போனால் லாரிக்கு வேறு வேலை இல்லை. நேரே பழைய இரும்புக் கடைதான். எந்தக் கடையில் இன்ஜினைப் பொறுக்கினேனோ அதே கடை.

பாயிடம் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெட்டிக்கும் ஒரு கேமராவுக்கும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார் மனிதர். நம் லாரியில் பேட்டரி ரெண்டு, சேர்ந்து இருபத்து நாலு வோல்ட். கேமராவுக்கு வேண்டியது பன்னிரண்டு. ஒரே பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை என்று நான் யோசனை சொன்னேன். ரெண்டு மாட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாட்டை மட்டும் அடிப்பாயா என்று கேட்டு, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி ஒன்றைத் தனியாக மாட்டினார். ஒயருக்கு முதலில் நெளி குழாயில் ஒரு மேல்சட்டை போட்டார். சைலன்ஸரை விட்டு விலகி, டீசல் பைப்பைத் தொடாமல், ஸ்டியரிங் ராடு திரும்புகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, சாணுக்கு ஒரு கிளிப். லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கண்டக்டர் மாதிரி குரல் வேறு கொடுத்தார். பள்ளிகொண்டா, டோல் கட்டியாச்சு, ரைட். பார்டர், பர்மிட் இருக்குது, ரைட். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பேர் எங்கள் லாரியை நோக்கி ஓடி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் என் பையைத் திறந்தேன். பாட்டு பாடுகிற ஹார்ன் ஒன்று. கண்ணாடிக்கு மேல் மாட்டுகிற எல்இடி போர்டு ஒன்று; அதில் என் பெயர் ஓடும். பாய் ரெண்டையும் பார்த்தார்.

"எதுக்கு?"

"பேரு தெரியணும் பாய்."

"முன்னாடி எழுதிக்கிது, பின்னாடி எழுதிக்கிது, கதவுல எழுதிக்கிது."

"இருட்டுல தெரியல."

"இருட்டுல எல்லாரும் தூங்கிகினு இருப்பாங்க ஓனரே."

வாணியம்பாடியில் அவர் மச்சான் மகளுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் கழித்து வந்து ஹார்னுக்கு ரிலே சுவிட்ச் போட்டு, போர்டுக்குத் தனி ஃபியூஸ் போட்டுத் தருகிறேன், அதுவரைக்கும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் லோடு. ஒரு லாரியையே கட்டினவனுக்கு ஒரு போர்டு மாட்டத் தெரியாதா? ஒரு மணி நேரத்தில் முடித்தேன். மூன்று நாள் எங்கே, ஒரு மணி நேரம் எங்கே. ஒயரை பேட்டரி முனையிலேயே நேராக முறுக்கினேன். பார்டர் தகரத்தில் பெரிய ஆணியை வைத்துச் சுத்தியால் ஒரே அடி, ஓட்டை. எது கிட்ட வழியோ அதில் ஒயரை இழுத்தேன். பட்டனை அழுத்தினால் ஹார்ன் பாடியது. போர்டில் முனிரத்தினம் டிரான்ஸ்போர்ட் ஓடியது. டிரைவர் ஏழுமலை கையைத் தட்டினான். ஏழுமலை குடியாத்தத்துக்காரன், லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை. ஸ்டியரிங்கில் தங்கம். ஆனால் என்னிடம் சேர்ந்து பத்து நாள்தான். பாயின் ஜில்லா அவனுக்குப் பழக்கமில்லை.

பதம் போட்ட தோலை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினோம். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். என் பெயர் ஓடும்போது நான் உள்ளே இருக்க வேண்டாமா?

மாதனூர் தாண்டியதும் ஹார்ன் தானாகப் பாட ஆரம்பித்தது. ஏழுமலை பட்டனிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். பாட்டு நிற்கவில்லை. ஓட்டையின் விளிம்பு ஹார்ன் பட்டனுக்குப் போகிற ஒயரை அறுத்து, ஒயர் தகரத்தைத் தொட்டுவிட்டது என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது, ஹார்னுக்கு உற்சாகம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கின. அது கூடப் பரவாயில்லை. ரோட்டோரம் நின்ற ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த ஸ்டாப்பில் நாலு பேர் கை கூப்பினார்கள். டிராக்டரில் வந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் பெயருக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், ஹார்ன் கரண்டை எல்லாம் குடித்துவிட்டதால் போர்டு நடுவில் மூச்சு விட்டு மூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. முனி என்று வரும், அணையும். முனி என்று வரும், அணையும். அலறிக்கொண்டு ஒரு லாரி, அதன் நெற்றியில் முனி, முனி, முனி. கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

அப்புறம் லேசாக ஒரு தீய்ந்த வாசம். பாயைக் கூப்பிடலாமா என்று ஏழுமலை கேட்டான். நான் எப்படிக் கூப்பிடுவேன்? நான் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுத் தேடுவது போல இருந்துகொண்டேன். அவனே ஓரமாக நிறுத்தி, கல்யாண வீட்டிலிருந்த பாய்க்குப் போன் போட்டு, ஹார்ன் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னான். ஹார்ன் போட்ட சத்தத்தில் ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினார்கள். போனை வைத்துவிட்டு ஏழுமலை என்னிடம் சொன்னான்.

"பள்ளிகொண்டாவுல கழட்டச் சொல்றாரு மொதலாளி. எல்லாம் நின்னுடுமாம்."

சொல்லிவிட்டு கியரைப் போட்டு பள்ளிகொண்டாவை நோக்கிக் கிளம்பிவிட்டான்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உடனே புரிந்தது. பாய் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்கிறார். என் ஒயரில் பள்ளிகொண்டாவே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேட்டரியையே கழற்றினால் ஹார்ன் நிற்கும். கூடவே ஜிபிஎஸ்ஸும் நின்று மேனேஜர் போனில் புள்ளி அணையும். புள்ளி அணைந்தால் லாரி இரும்புக் கடைக்கு. அதனால் நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, சரி, போ என்றேன். ஒரு ஃபியூஸைப் பிடுங்க ஊர் விட்டு ஊர் லாரி ஓட்டிக்கொண்டு போனவர்கள் இந்தியாவிலேயே நாங்கள் ரெண்டு பேராகத்தான் இருப்போம்.

டோல்கேட்டுக்கு முன்னால் ஒதுக்குப்புறமாக நிறுத்தினான் ஏழுமலை. இறங்கி ஓடி, பூத்தில் இருந்த பெண்ணிடம், மேடம், இங்கே எதைக் கழற்றணும் என்று கேட்டான். அந்தப் பெண் அவனையும் பார்த்தாள், முனி முனி என்று அலறும் லாரியையும் பார்த்தாள். எதையும் கழற்ற வேண்டாம், சாமி கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

அப்போதுதான் கேபினுக்குள் புகை வந்தது. கறுப்பாக, ரப்பர் நாற்றத்தோடு. பின்னால் முழு லோடு தோல். என் கை தானாகப் போனை எடுத்தது.

"பாய், என் ஒயரு டோல் கட்டல."

பாய் கல்யாண வீட்டுச் சத்தத்தை விட்டு வெளியே வந்து கேட்டார்.

"பார்டர்ல பர்மிட்டு?"

"இல்ல பாய்."

"வெயிலு?"

"சைலன்ஸர் மேலயே படுத்துகினு இருக்குது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். பாய் குரலை ஏற்றவே இல்லை.

"இன்ஜின அணை. ஏழுமலைய தூரமா நிக்கச் சொல்லு. ஜோலார்பேட்டையில மொதல்ல கறுப்பு ஒயரக் கழட்டு. ஸ்பானர் தகரத்துல படக்கூடாது. புள்ளி போனா போவட்டும். நீ இருக்கணும்."

கழற்றினேன். ஹார்ன் நின்றது. முனி போனார். புகை மெதுவாகக் குறைந்தது. புள்ளியும் அணைந்தது. அந்த அமைதியில் நான் கட்டின லாரியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன். அது இரும்புக் கடையில் கிடப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் மச்சானின் ஸ்கூட்டரில் பாய் வந்து இறங்கினார். கல்யாணத்துக்கு எடுத்த புது ஜிப்பா, ஒரு ஓட்டைகூட இல்லாதது. அத்தர் வாசம். அந்த ஜிப்பாவோடு மத்தியானத் தார் ரோட்டில் மல்லாக்கப் படுத்து லாரிக்கு அடியில் போனார். பிறகு கேபினுக்கு வந்து, நான் போட்ட ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னாத்தால போட்ட?"

"ஆணியால."

என் ஒயரை மட்டும் முழுசாக உருவி, சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் போட்ட லைனில் ஒரு கீறல் இல்லை. டோல் கட்டின ஒயர் அல்லவா? பேட்டரியை மாட்டினார், புள்ளி வந்தது. புள்ளி வந்த கையோடு மேனேஜர் போனும் வந்தது. ஒரு மணி நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்து பாய் போனைப் பிடுங்கினார்.

"நான் எலக்ட்ரீஷியன் பேசறேன் சார். பழைய வண்டி, பாதி வழியில செக் பண்ணிட்டுதான் வுடுவேன். நான்தான் ஜோலார்பேட்டைய ஆஃப் பண்ணச் சொன்னேன்."

"ஜோலார்பேட்டையையா?" என்று மேனேஜர் கேட்டது எனக்கே கேட்டது.

ஒயர் விஷயத்தில் பாய் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பாதி வழியில் நிறுத்தி செக் பண்ணுகிற ஒரே லாரி என்று மேனேஜர் மேலே சொல்லியிருக்கிறார். மேலே இருக்கிறவர்கள் மெச்சிக்கொண்டார்கள். லாரி இன்றைக்கும் அதே ஃபாக்டரிக்குத்தான் ஓடுகிறது. போர்டு என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஷெட்டுக்குப் போனால், சுவரில் நடு ஆணியில் என் ஒயர். எல்லாவற்றையும்விட நீளமானது, எல்லாவற்றையும்விடக் கருகினது. டிரைவர்கள் வந்து வந்து பார்க்கிறார்கள். பாய் அவர்களுக்கு டோல், பர்மிட், வெயில் மூன்றையும் அந்த ஒரே ஒயரில் காட்டிப் பாடம் நடத்துகிறார். கீழே அட்டை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மற்றதெல்லாம் படித்துக் காட்டுகிற மனிதர், இதற்கு மட்டும் கையிலிருந்த ரிலேயைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். முட்டாள் என்று எழுதியிருப்பார், இல்லை கர்வம் பிடித்தவன் என்று எழுதியிருப்பார் என்று ஆறு மாசம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

போன வாரம் டீக்கடைக்கு ஒரு தோல் வியாபாரி வந்தார், உருது தெரிந்தவர். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கையைப் பிடித்து அவரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே வார்த்தைதான் இருக்குது. தோஸ்த்."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அதேதான்.

பாய், இந்தப் பத்திரிகையை டீக்கடைக்காரர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அதனால் இங்கேயே கேட்கிறேன். வெறுமனே தோஸ்த் என்று போட்டால் ஊருக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு அந்தச் செவலை நாய்தான் அந்த ஒயரைப் போட்டது என்று யாராவது சொல்லிவிட்டால்? ஆணியால் ஓட்டை போட்டது நான். டோல் கட்டாமல் விட்டது நான். சைலன்ஸர் மேல் படுக்க வைத்தது நான். நான் இல்லாவிட்டால் உங்கள் சுவரில் நடு ஆணி காலியாகத்தான் இருக்கும். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். முனி என்று பாதியில் நிறுத்தாமல், முனிரத்தினம் என்று முழுசாக. உருதுவிலேயே எழுதுங்கள், பரவாயில்லை. அந்த எழுத்தில் என் பெயரைப் படிக்க எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற வார்த்தை எனக்குத் தெரியும்.